டர்போ காருக்குக் குளிர்காற்று: குழாயின் வாய் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை பிற்பகலில் செந்தூல், கெப்போங், பத்துமலை வட்டாரக் குடியிருப்புத் தாமான்களில் ஒரு சுற்று வந்தால் போனட்டைத் திறந்து வைத்துக் கூடி நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். புரோட்டோன் பிரேவே டர்போவோ, எக்ஸ்50-யோ, பெரோடுவா அத்திவாவோ நடுவில் நிற்கும். எல்லாம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குத் தரும் டர்போ பூட்டிய கார்கள். காரோடு வந்த கறுப்புக் காற்று பில்டர் பெட்டி கழற்றப்பட்டு ஐந்தடி நடைபாதையில் கிடக்கும். அது இருந்த இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயும் சிவப்புக் கூம்பு பில்டரும் ஏறியிருக்கும். இதற்குக் ‘கோல்ட் ஏர்’ என்று பெயர். பெரும்பாலானவை இழுப்பது எஞ்சின் அறையில் வெந்து கிடக்கும் சுடுகாற்றைத்தான்.

இதை வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. கையில் கொஞ்சம் பொறுமையும் ஒரு நாள் நேரமும் இருந்தால் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் குறுங்காணொளிகளில் காட்டுவது குழாயை மட்டும். பில்டரின் வாய் எந்த இடத்துக் காற்றை எடுக்கிறது, சென்சார் எங்கே உட்காருகிறது, வழியில் சேர வேண்டிய சிறு குழாய்கள் என்ன ஆயின, மழை வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை. கார் கெடுவது அங்கேதான்.

முதலில் அந்தக் கறுப்புப் பெட்டி. இன்றைய டர்போ கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அதற்கு ஒரு மூக்கு உண்டு. ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லுக்குப் பின்னால் நீண்டு வந்து வெளிக்காற்றை எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகும் ‘குளிர்காற்று’ காரோடு சேர்ந்தே வந்துவிட்டது என்று பொருள். பம்பர் ஒருமுறை இடிபட்டு மாற்றப்பட்ட கார்களில் இந்த மூக்கு உடைந்து கிடக்கும், அல்லது கிளிப் போய்ப் பெட்டியை விட்டு விலகித் தொங்கும். பில்டர் மாற்றும்போது மூடியின் பின்பக்கக் கொக்கி சரியாக உட்காராமல் இடைவெளி விட்டிருக்கும். பில்டரின் ரப்பர் விளிம்பு மடிந்து போயிருக்கும். குழாய் வாங்கப் போகும் முன் இவற்றைப் பாருங்கள். மூக்கை மாட்டி, புது பில்டர் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் பலருக்கு ஆசை அதோடு அடங்கிவிடும்.

அடங்காதவர்களுக்கு அடுத்தது கணக்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட கணக்கை டர்போவுக்கும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். இரண்டும் வேறு. கோலாலம்பூர் வெயிலில் சாலைக்கு மேல் உள்ள காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரசர் அதை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுகிறது, அதன் திறன் 70 விழுக்காடு என்றால் வெளியே வரும் காற்று சுமார் 115 டிகிரி இருக்கும். அதே கம்ப்ரசருக்குப் போனட்டுக்குள் நிற்கும் 60 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் வெளியே வருவது 147 டிகிரி. உள்ளே 25 கூடியது, வெளியே 32 கூடிவிட்டது. வட்டியோடு திருப்பித் தருகிறது.

அடுத்து, அமுங்கிச் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர். ஏறிய வெப்பத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள இடைவெளியில் 70 விழுக்காட்டை அது இறக்கினால், முதல் காரின் எஞ்சினுக்கு 59 டிகிரியிலும் இரண்டாவதற்கு 69 டிகிரியிலும் காற்று போகும். கடைசியில் மிஞ்சும் வித்தியாசம் 10 டிகிரி. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று டிகிரிக்கு ஒரு விழுக்காடு மாறும், ஆக 3 விழுக்காடு. 138 குதிரைத்திறன் கொண்ட பிரேவே டர்போவில் இது நான்கு குதிரை. 98 குதிரைத்திறன் கொண்ட அத்திவாவில் மூன்று. காணொளியில் சொல்லும் பதினைந்தும் இருபதும் எந்தத் தொழுவத்திலிருந்து வருகின்றனவோ தெரியவில்லை. இந்த நான்கு குதிரையும் சுடுகாற்றிலிருந்து குளிர்காற்றுக்குப் போகும்போது கிடைப்பவை. சரியான பெட்டியைக் கழற்றிப் போட்டுத் திறந்த பில்டர் மாட்டுகிறவர் எதிர்த்திசையில் போகிறார். காசும் கொடுத்து நான்கு குதிரையையும் கொடுக்கிறார். வெப்பம் ஏறினால் ரோன் 95 பெட்ரோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு உடனே பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அந்த இழப்பு மேலும் ஒரு பங்கு.

டர்போ காரில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது உறிஞ்சும் வழியில் உள்ள தடை. அடைபட்ட பில்டரோ ஒடுங்கிய குழாயோ கம்ப்ரசர் வாயில் 3 கிலோபாஸ்கல் அழுத்தத்தை விழுங்கிவிட்டால், அதே பூஸ்டை, அதாவது கூடுதல் காற்றழுத்தத்தை, கொடுக்க டர்போ 1.8-க்குப் பதிலாக 1.85 மடங்கு ஏற்ற வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது இன்னும் நான்கு டிகிரி. டர்போ வேகமாகச் சுழல வேண்டும், எக்சாஸ்ட் பக்கம் அழுத்தம் கூடும், பூஸ்ட் ஏறவும் தாமதமாகும். எனவே குழாய் போடலாமா வேண்டாமா என்பதை இந்தத் தடையை அளந்த பிறகு முடிவு செய்வதுதான் முறை.

அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஐந்து மீட்டர், ஒரு மீட்டர் நீளப் பலகை, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் போதும். பலகையில் குழாயை ‘ப’ எழுத்தைப் போல வளைத்து ஒட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். ஒரு முனையைத் திறந்து விடுங்கள். மறுமுனையை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய், பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள சிறு காம்பு ஏதாவது ஒன்றில் மாட்டுங்கள். தண்ணீர் தப்பித் தவறி டர்போவுக்குள் போகாதபடி நடுவில் ஒரு மூடிய காலிப் புட்டியைக் கட்டாயம் வையுங்கள். இரண்டாவது கியரில், வெறிச்சோடிய சாலையில், பெடலை முழுவதும் மிதித்து 5,500 சுழற்சி வரை போனால் போதும். மூன்றாவது கியருக்குப் போய் மணிக்கு 110 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டத் தேவையே இல்லை. பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். ஓட்டுகிறவர் பலகையைப் பார்க்கக் கூடாது. இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல். 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் காரை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம், அந்தப் பெட்டியில் தேட ஒன்றும் இல்லை. 35, 40 என்று வந்தால் பில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை அளந்து பாருங்கள். தடை பில்டரிலா, மூக்கிலா, குழாயிலா என்பது தெரிந்துவிடும். பில்டர் இல்லாமல் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

இனி செய்முறை. குழாயின் விட்டம் கண்ணுக்கு எடுப்பாக இருப்பதை வைத்து முடிவாகக் கூடாது. பத்துக் குதிரைத்திறனுக்கு விநாடிக்கு ஏழரை கிராம் காற்று என்பது தோராயக் கணக்கு. 138 குதிரைக்கு ஏறக்குறைய 104 கிராம். உள்விட்டம் 63 மில்லிமீட்டர் உள்ள இரண்டரை அங்குலக் குழாயில் அது விநாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் ஓடும், மூன்று அங்குலத்தில் 22. இரண்டுமே நல்ல வேகம்தான். நூறு குதிரை எஞ்சினுக்கு இரண்டே கால் அங்குலமே தாராளம். நான்கு அங்குலக் குழாய் போட்டால் கடைசியில் டர்போவின் வாய்க்கு எப்படியும் ஒடுக்கியாக வேண்டும். அந்த ஒடுக்கம் படிப்படியாக இல்லாமல் திடீரென்று இருந்தால் நல்லதற்குப் பதில் கெடுதல்.

ஆனால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள காரில் விட்டத்தைத் தொடவே கூடாத ஓர் இடம் இருக்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பில்டர் பெட்டியின் வாயிலோ அதையடுத்த குழாயிலோ நான்கைந்து கம்பிகளோடு ஒரு பிளக் செருகியிருந்தால் அதுதான் மாஃப். அது குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் ஓடும் ஒரு சிறு பங்கின் வேகத்தை அளந்து, ‘குழாயின் விட்டம் இவ்வளவு’ என்று இசியுவில் எழுதி வைத்ததைக் கொண்டு மொத்தத்தைக் கணக்கிடுகிறது. 60 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்த சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாயில் செருகினால் பரப்பு 1.36 மடங்கு. அதே காற்று மெதுவாக ஓடும், சென்சார் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைத்துச் சொல்லும், இசியு அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்கும். ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்த முயலும். திருத்தும் எல்லை பல கார்களில் 25 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் பி0171 என்ற குறியீட்டோடு எஞ்சின் விளக்கு எரியும். விளக்கு எரிவது கூட நல்லது. பூஸ்டில் மிதிக்கும் நேரத்தில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறுவதுதான் பயங்கரம்.

இதற்குச் சுலபமான வழி, சென்சார் அமர்ந்த பழைய பிளாஸ்டிக் வளையத்தை அப்படியே வெட்டி எடுத்துப் புதுக் குழாயின் நடுவில் இணைப்பது. சொந்தப் பெட்டியை வெட்ட மனமில்லாதவர்கள் வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் சுங்கை பூலோ பக்கத்து ஹாஃப்கட் கடைகளில் அதே மாதிரி, அதே எஞ்சின் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கலாம். வளையத்துக்குள் தேன்கூடு போன்ற வலை இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். காற்றைச் சீராக்குவதற்கே அது இருக்கிறது. சென்சாருக்கு முன்னால் குறைந்தது பத்து சென்டிமீட்டராவது நேர்க்குழாய் இருக்கட்டும். வளைவு முடிந்த இடத்திலேயே சென்சாரை வைத்தால் காற்று ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும், அளவு நாளுக்கு ஒன்றாக வரும். அம்புக்குறி டர்போவை நோக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மாஃப் இல்லாமல் அழுத்த சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குக் குழாய் வேலை பாதி சுலபம்.

பழைய குழாயில் வந்து சேரும் சிறு குழாய்களில் ஒன்றைக் கூட அநாதையாக விடக் கூடாது. எஞ்சின் மூடியிலிருந்து வரும் பிசிவி குழாய் எண்ணெய்ப் புகையை டர்போவின் வாய்க்குக் கொண்டு வரும். அதைக் கழற்றி அந்த ஓட்டையில் திருகாணி வைத்து அடைத்தால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல்கள் கசியும். அடைக்காமல் திறந்து விட்டால் வடிகட்டாத, அளக்காத காற்று உள்ளே போகும். அடுத்தது பூஸ்டைத் திருப்பி விடும் வால்வின் குழாய், பொதுவாக 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ‘புஸ்’ என்ற சத்தத்துக்கு ஆசைப்பட்டு அதை வெளியே திறந்து விடுகிறார்கள். மாஃப் ஏற்கனவே அளந்து, பெட்ரோலும் கணக்கிடப்பட்ட காற்று அது. வெளியே போனால் எஞ்சினில் பெட்ரோல் மிஞ்சும். பெடலை விட்டதும் கார் திணறும், சிக்னலில் அணையும். அந்தக் குழாயை மாஃபிலிருந்து தள்ளி, டர்போவை நோக்கிச் சாய்ந்த கோணத்தில் சேருங்கள். செங்குத்தாகச் சேர்த்தால் திரும்பி வரும் காற்று சென்சாரை முட்டி அளவைக் குழப்பும். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலினாய்டிலிருந்து வரும் மெல்லிய குழாய் மூன்றாவது. அதையும் மறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, ஒவ்வொரு குழாய்க்கும் காகித நாடாவில் எண் எழுதி ஒட்டிவிட்டால் மாலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம்.

பொருள் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு ஹார்ட்வேர் கடைப் பிவிசி குழாய். தண்ணீர்க் குழாய்க்கென்று செய்யப்பட்ட அது 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். டர்போவின் எக்சாஸ்ட் பக்கம் பல நூறு டிகிரியில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் போன பிவிசி வளைந்து, இணைப்பை விட்டு நழுவி, அளக்காத காற்றை உள்ளே விடும். பில்டருக்கு முன்னால், கிரில் பக்கத்திலிருந்து காற்றைக் கொண்டுவரும் வழிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பில்டருக்குப் பின்னால் 2 மில்லிமீட்டர் சுவர் உள்ள அலுமினியக் குழாய்தான் நம்பிக்கையானது. முனைகளில் சிறு மேடு இருக்க வேண்டும். வழவழப்பான முனையில் சிலிக்கோன் குழாய் எண்ணெய்ப் பசையோடு மெல்ல நழுவிவிடும். இணைப்புக்கு நான்கு அடுக்குத் துணி வைத்த, 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிலிக்கோன் வேண்டும். டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் வேலை செய்வது உறிஞ்சல். மெல்லிய குழாய் முழு மிதியில் உள்ளே சப்பிப் போய்க் காற்று வழியை மூடும், போனட்டைத் திறந்து பார்க்கும்போது ஒன்றும் நடக்காதது போல உருண்டையாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்காமல் டர்போவையே மாற்றியவர்கள் உண்டு. பிசிவி சேரும் இடத்துக்கு உள்பூச்சு ஃபுளோரோசிலிக்கோன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கோன் எண்ணெயில் ஊறி மிருதுவாகிவிடும்.

அலுமினியம் சூடேறுமே என்று தங்கநிறத் தாளைச் சுற்றுவது ஒரு பழக்கம். அறுபது சென்டிமீட்டர் குழாயைக் காற்று விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கடந்து போக 0.024 விநாடி ஆகிறது. அதற்குள் எவ்வளவு சூடு ஏறிவிடும்? ஜாலான் டூத்தா ஜேமில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கொஞ்சம் உதவும். மற்றபடி அந்தக் காசைப் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

பெட்டிதான் இந்த வேலையின் உயிர். கூம்பு பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தகட்டை நிறுத்தி வைப்பதைப் பெட்டி என்று சொல்ல முடியாது. பக்கங்கள், அடி, போனட்டோடு ஒட்டும் மேல்விளிம்பு எல்லாம் மூடி, காற்றுக்கு ஒரே ஒரு வழி, அது வெளியிலிருந்து மட்டும் என்று இருந்தால்தான் அது பெட்டி. மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி முதலில் மாதிரி செய்யுங்கள். பேட்டரி, பிரேக் திரவக் குப்பி, விளக்கின் பின்மூடி இவற்றுக்குக் கை போக இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதையே 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டுங்கள். விளிம்பெல்லாம் கார்க் கதவுக்குப் போடும் ரப்பர் வார் சுற்றுங்கள். மேல்விளிம்பில் கடற்பஞ்சு போன்ற தடித்த ரப்பர் ஒட்டி, அதன்மேல் முகப்பவுடர் தூவிப் போனட்டை மூடித் திறந்தால், பவுடர் போனட்டில் எங்கே ஒட்டவில்லையோ அங்கே சுடுகாற்று நுழையும் என்று தெரிந்துவிடும். பில்டருக்கும் சுவர்களுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். வெளிக்காற்று வரும் வாயின் பரப்பு குழாயின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 63 மில்லிமீட்டர் குழாய்க்கு 31 சதுர சென்டிமீட்டர், ஆக வாய் 47. கிரில்லுக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் அகலமும் மூன்றரை உயரமும் உள்ள ஒரு பிளவு போதும். அடியில் தண்ணீர் வடிய 6 மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டைகள்.

இன்னொன்று. பெட்டி காரின் உடற்சட்டத்தோடு நிற்கிறது, டர்போ எஞ்சினோடு ஆடுகிறது. மிதித்து விடும்போது எஞ்சின் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அசையும். நடுவில் வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் இணைப்பு ஒன்றும், குழாயைத் தாங்க ரப்பர் புஷ் வைத்த ஒரு பிடியும் இல்லையென்றால் எடை முழுவதும் டர்போவின் வாயில் தொங்கும். சில மாதத்தில் பற்றவைத்த இடம் விரியும்.

வெட்டி, துளைத்து, பற்றவைத்த குழாயை அப்படியே மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறை வரை சுழலும். பில்டருக்குப் பின்னால் அதைக் காக்க வேறெதுவும் இல்லை. ஒரு கடுகளவு அலுமினியச் சீவல் போதும். உள்விளிம்பை அரத்தால் வழித்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுங்கள். துணியில் மினுமினுப்பு இல்லாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். குழாயின் உட்புறத்தில் சீலண்ட் தடவவே வேண்டாம். பிய்ந்து வரும் துண்டும் சக்கரத்துக்குத்தான் போகும். எண்ணெய் தடவும் வகைப் பில்டர் என்றால் எண்ணெய் கொஞ்சம் அதிகமானாலும் மாஃபின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். நம் ஊர்க் கட்டுமானத் தூசிக்கும் புகைமூட்ட மாதங்களுக்கும் உலர்ந்த வகைப் பில்டரே தொல்லையில்லாதது.

இப்போது தண்ணீர். பம்பரின் அடியில், பனிவிளக்குக்குப் பின்னால் பில்டரை இறக்கி வைப்பது பார்க்க அழகு, காற்றும் நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஆனால் அந்த இடம் தரையிலிருந்து 25, 30 சென்டிமீட்டர். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் தலைநகரின் சுரங்கச் சாலைகளில் என்ன ஆகிறது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வெள்ள நீரைத் திருப்பி விட 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் இருந்தும் தாழ்ந்த சாலைகள் மூழ்குகின்றன. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் எதிரே வரும் லாரி எழுப்பும் அலை பில்டரை முழுவதும் மூடிவிடும். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 மில்லிலிட்டர். அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 44 மில்லிலிட்டர், அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். டர்போ காரில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. உள்ளே போன தண்ணீர் இண்டர்கூலரின் அடியில் தேங்கி நின்று, வெள்ளத்தைத் தாண்டி வந்து நிம்மதியாகப் பெடலை மிதிக்கும்போது மொத்தமாகக் கிளம்பும். தண்ணீரில் கார் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றச் சொல்லுங்கள். பில்டரின் வாய் எப்போதும் முன்விளக்கின் உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று தைரியமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது. ‘சிறப்பு இடர்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். காற்று வழியை மாற்றியிருப்பதையும் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காரில் கை வைக்கவே வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ஓட்டக் கிளம்பாமல் கசிவு பாருங்கள். பில்டர் கழுத்தை மூடி, 2 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவினால் குமிழ் காட்டிக் கொடுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் பிசிவி வழியாகக் கிராங்க் அறைக்குப் போய் எண்ணெய் சீலைத் தள்ளிவிடும். பிறகு காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி பிளக்கில் ஒரு புளூடூத் கருவியைச் செருகிக் கைப்பேசியில் நீண்டகால எரிபொருள் திருத்தத்தைப் பாருங்கள். நின்ற இடத்தில் மட்டும் அது 10 விழுக்காட்டைத் தாண்டினால் பிசிவி போன்ற சிறு குழாய் ஏதோ விட்டுப் போயிருக்கிறது. எல்லா வேகத்திலும் ஒரே அளவு தாண்டினால் மாஃப் விட்டம் தவறு. பூஸ்டில் மட்டும் கறுப்புப் புகை வந்தால் கசிவு டர்போவுக்குப் பின்னால். வெப்பத்தையும் அதே கருவியில் பாருங்கள், ஆனால் எந்த சென்சார் என்று தெரிந்து பாருங்கள். மாஃபுக்குள் இருப்பது பில்டர் எடுக்கும் காற்றைச் சொல்லும், இண்டர்கூலருக்குப் பின்னால் இருப்பது எஞ்சினுக்குப் போவதைச் சொல்லும். பழைய பெட்டியோடு ஒரு நாளும் புதுப் பெட்டியோடு ஒரு நாளும், ஒரே சாலை, ஒரே நேரம், 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம், பிறகு ஜேமில் பத்து நிமிடம். ஓடும்போது வெளிக்காற்றை விட ஐந்து முதல் பத்து டிகிரிக்குள் இருந்தால் பெட்டி வேலை செய்கிறது. ஜேமில் எல்லாக் காரிலும் ஏறும். ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் எங்கேயோ சுடுகாற்று நுழைகிறது, மறுபடி பவுடரை எடுங்கள்.

கழற்றிய பழைய பெட்டியை மூக்கோடு, கிளிப்போடு, திருகாணிகளோடு அரிசிப் பையில் கட்டிப் பத்திரமாக வைத்திருங்கள். புஸ்பாகோம் நிலையத்தின் வாகனச் சோதனைக்கும், காரை விற்கும் நாளுக்கும், உங்கள் வேலை சரிவராமல் போனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கும் அதுதான் வேண்டும். அவசரத்துக்கு ஹாஃப்கட் கடையில் தேடினால் வேறு மாடல் பெட்டியைத்தான் நீட்டுவார்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாஃப் வளையத்தின் விட்டம் மட்டும் மூன்று மில்லிமீட்டர் மாறியிருக்கும்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைக்காரர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.